உதடுகள் மட்டும் அசைந்தன: யூதர்களின் மனமுருகிய வேண்டுதல் பற்றி ஒரு விவாத இழை

பதிவு 1 | மலையோரம்

எல்லோருக்கும் வணக்கம். யூதர்கள் எப்படிப் பிரார்த்திக்கிறார்கள், மனமுருகி வேண்டுவதை அவர்கள் மரபு எப்படிப் பார்க்கிறது என்று போன மாதம் ஒருவர் இங்கே கேட்டிருந்தார். அன்னாளிடமிருந்து தொடங்குகிறேன். எனக்கு இந்த விஷயம் பிடிபட்டதே அவளால்தான்.

விவிலியம் வாசித்தவர்களுக்குக் கதை தெரியும். எல்க்கானாவுக்கு இரண்டு மனைவிகள். பெனின்னாளுக்குப் பிள்ளைகள் உண்டு, அன்னாளுக்கு இல்லை. வருடா வருடம் குடும்பத்தோடு சீலோவுக்குப் பலியிடப் போவார்கள். எருசலேமில் ஆலயம் எழும்புவதற்கு முந்தைய காலம் அது. போகும்போதெல்லாம் பெனின்னாள் குத்திக்காட்டுவாள். அன்னாள் சாப்பிடாமல் அழுவாள். ஒரு வருடம் அவள் எழுந்து போய்த் தனியாக நின்று வேண்டுகிறாள். உதடு அசைகிறது, சத்தம் இல்லை. வாசல் நிலையருகே உட்கார்ந்திருந்த ஆசாரியர் ஏலி, இவள் குடித்துவிட்டு வந்திருக்கிறாள் என்று நினைத்து அதட்டுகிறார். 'நான் குடிக்கவில்லை, என் இருதயத்தைக் கர்த்தருடைய சந்நிதியில் ஊற்றிவிட்டேன்' என்கிறாள் அவள்.

இதுவரை நமக்குத் தெரிந்த கதை. இதற்கு அப்புறம் யூத அறிஞர்கள் செய்த காரியம்தான் என்னை உட்கார வைத்தது. பழைய யூத அறிஞர்களின் விவாதங்களைத் தொகுத்த பாபிலோனியத் தல்மூதில் 'பெரகோத்' என்ற பகுதி இருக்கிறது. அதில் ரப் ஹம்னுனா என்பவர், 'அன்னாளைப் பற்றிய இந்த வசனங்களிலிருந்து எத்தனை பெரிய சட்டங்கள் கிடைக்கின்றன!' என்று வியக்கிறார். 'அவள் தன் இருதயத்திலே பேசினாள்' என்பதிலிருந்து, வேண்டுகிறவர் மனத்தை நிறுத்த வேண்டும் என்கிறார். உதடு அசைந்ததிலிருந்து, வெறுமனே நினைத்தால் போதாது, வாயால் உச்சரிக்க வேண்டும். சத்தம் கேட்கவில்லை என்பதிலிருந்து, நின்று செய்யும் முக்கிய வேண்டுதலில் குரல் உயர்த்தக் கூடாது. ஏலி சந்தேகப்பட்டதிலிருந்து, குடிபோதையில் வேண்டக் கூடாது.

இன்றைக்கும் உலகத்தில் எந்த ஊர் ஜெபாலயத்துக்குப் போனாலும், 'அமிதா' என்ற அந்த நின்ற வேண்டுதலில் இதைப் பார்க்கலாம். மூன்று அடி முன்வைத்து, பாதங்களைச் சேர்த்து, எருசலேம் திசை பார்த்து நிற்பார்கள். கூடம் முழுக்க ஆட்கள், ஆனால் முணுமுணுப்பு மட்டும்தான். காலை, பிற்பகல், இரவு என்று தினம் மூன்று வேளை. குடிகாரி என்று ஏச்சு வாங்கிய ஒரு பெண் நின்ற விதத்தில்தான் அத்தனை பேரும் நிற்கிறார்கள்.

இன்னொன்றும் அதே பக்கத்தில் இருக்கிறது. 'சேனைகளின் கர்த்தாவே' என்று கடவுளை முதன்முதலில் கூப்பிட்டது அன்னாள்தான் என்கிறார் ரப்பி எலாசார். (ரப்பி என்றால் யூத மத ஆசான்.) 'இத்தனை சேனைகளைப் படைத்த உனக்கு, எனக்கு ஒரே ஒரு பிள்ளை தருவது பெரிய காரியமா?' என்று கேட்டாளாம். அவள் நெஞ்சிலிருந்து வந்ததாக இன்னொரு பேச்சும் உண்டு: 'பார்க்கக் கண் வைத்தாய், கேட்கக் காது வைத்தாய். என் நெஞ்சின் மேல் இந்த மார்பை எதற்கு வைத்தாய், பாலூட்டத்தானே? பிள்ளையைக் கொடு, ஊட்டுகிறேன்.' இப்படிக் கடவுளை நேருக்கு நேர் கேட்டதை அறிஞர்கள் வெட்டிவிடவில்லை. எழுதி வைத்துக்கொண்டார்கள். யூதப் புத்தாண்டான ரோஷ் ஹஷானாவின் முதல் நாளில் ஜெபாலயத்தில் வாசிப்பதும் அன்னாளின் கதைதான்.

பதிவு 2 | நூல்முனை

அருமையான தொடக்கம் ஐயா. எனக்கு ஒரு நெருடல். அமிதாவில் அன்னாளைப் போல நிற்கிறார்கள், சரி. ஆனால் சொல்வது அவர்கள் மனத்தில் வந்ததை இல்லையே. அச்சிட்ட புத்தகத்தில் இருப்பதை, தினம் மூன்று வேளை, வரிக்கு வரி சொல்கிறார்கள். மிஷ்னா என்ற பழைய யூதச் சட்டத் தொகுப்பிலேயே ரப்பி எலியேசர், 'வேண்டுதலைக் கடமையாக ஆக்கிக்கொள்பவனின் வேண்டுதல் மன்றாட்டு ஆகாது' என்கிறார். கல்யாண வீட்டில் மந்திரம் முடிந்தால் சாப்பிடப் போகலாம் என்று காத்திருக்கிறோமே, அந்த மாதிரி ஆகிவிடாதா?

பதிவு 3 | மலையோரம்

நியாயமான கேள்வி தம்பி. 12ஆம் நூற்றாண்டில் எகிப்தில் வாழ்ந்த யூதச் சட்ட அறிஞர் மைமோனிடிஸ் இதற்கு ஒரு பதில் வைத்திருக்கிறார். ஆதியில் எல்லாருக்கும் பொதுவான வாசகம் எதுவும் இல்லை என்கிறார். அவரவருக்கு வந்தபடி வேண்டினார்கள். பேச்சு வன்மை உள்ளவன் நிறையச் சொன்னான், இல்லாதவன் கொஞ்சம் சொன்னான். பிறகு பாபிலோனுக்குச் சிறைபிடித்துக்கொண்டு போனார்கள். அங்கே பிறந்த பிள்ளைகளுக்கு எந்த மொழியும் முழுசாக வரவில்லை. பல மொழி கலந்து பேசினார்கள். வேண்ட வாயைத் திறந்தால் நாக்குத் தடுமாறியது. அதைப் பார்த்துத்தான் எஸ்றாவும் அவருடைய சபையாரும் அமிதாவின் 18 வாழ்த்துகளை வரிசையாக அமைத்துக் கொடுத்தார்கள் என்கிறார். (பிற்பாடு ஒன்று சேர்ந்து இன்றைக்கு 19 இருக்கிறது. பெயர் மட்டும் 'பதினெட்டு' என்றே நின்றுவிட்டது.) திக்கிப் பேசுகிறவனின் வேண்டுதலும் நாவன்மை உள்ளவனின் வேண்டுதலைப் போல முழுமையாக இருக்க வேண்டும். காரணம் அவ்வளவுதான்.

இதைப் படித்த பிறகு அந்தப் புத்தகத்தை நான் பார்க்கிற விதமே மாறிவிட்டது. அதுவரை அது விலங்கு மாதிரி தெரிந்தது. இப்போது கைத்தடி மாதிரி தெரிகிறது.

அப்புறம், அந்த வரிசைக்குள்ளேயே திறந்த இடமும் உண்டு. 'வேண்டுதலைக் கேட்பவரே' என்று முடியும் வாழ்த்தில், அவரவர் தேவையை அவரவர் சொல்லில் சேர்த்துக்கொள்ளலாம். எந்த மொழியிலும் சொல்லலாம், மிஷ்னாவே அனுமதித்திருக்கிறது. கடைசி வாழ்த்து முடிந்து மூன்று அடி பின்வாங்குவதற்கு முன்னாலும் சொந்தப் பேச்சுக்கு இடம் உண்டு. அந்த நேரத்தில் முதுகுகளைக் கவனித்தால் தெரியும். சிலர் சட்டென்று பின்வாங்கி உட்கார்ந்துவிடுவார்கள். சிலர் நின்றுகொண்டே இருப்பார்கள்.

பதிவு 4 | திண்ணை

மலையோரம் ஐயா சொன்னதற்கு நேர் எதிராக ஒரு கதை அதே மரபில் இருக்கிறது. ஜெர்மனி யூதர்களிடையே, ரேகன்ஸ்பர்க் நகரில் 1217இல் காலமான யூதா என்ற பக்தரின் பெயரில் வழங்கும் 'பக்தர்களின் நூல்' என்ற தொகுப்பில் வருகிறது.

ஒரு மேய்ப்பன். அவனுக்கு வேண்டுதல் எதுவும் தெரியாது. தினமும் இப்படிச் சொல்வான்: 'உலகத்தின் ஆண்டவனே, உனக்கே தெரியும். உனக்கு ஆடுமாடு இருந்து, என்னிடம் மேய்க்கக் கொடுத்தால், மற்றவர்களிடம் கூலி வாங்குவேன், உன்னிடம் வாங்க மாட்டேன். ஏனென்றால் உன்னை எனக்குப் பிடிக்கும்.' வழியில் போன ஒரு படித்தவர் இதைக் கேட்டுவிட்டு, 'முட்டாளே, இப்படியெல்லாம் சொல்லாதே' என்று அவனை உட்கார வைத்து முறையான வேண்டுதலைக் கற்றுக் கொடுத்தார். அவர் போனதும் அவனுக்குக் கற்றது மறந்துவிட்டது. பழையதைச் சொல்லவோ பயம், சொல்லாதே என்றுவிட்டாரே! இரண்டும் இல்லாமல் போய்விட்டது. அந்தப் படித்தவருக்கு இரவில் கனவு வந்தது: திரும்பிப் போய் அவனிடம் சொல், இல்லாவிட்டால் உனக்குக் கேடு வரும், மறுமைக்குரிய ஒருவனை என்னிடமிருந்து பறித்துவிட்டாய். அவர் திரும்பி ஓடினார். 'என்ன வேண்டுகிறாய்?' என்று கேட்டார். 'ஒன்றுமில்லை' என்றான் அவன்.

அந்த 'ஒன்றுமில்லை'யில் எனக்குத் தொண்டை அடைத்துவிடும். கைத்தடி இல்லாமலே நன்றாக நடந்துகொண்டிருந்தவன் கையில் தடியைக் கொடுத்துக் கீழே தள்ளிய மாதிரி. மைமோனிடிஸ் சொல்வதும் உண்மை, இதுவும் உண்மை. இரண்டையும் ஒரே மரபு பத்திரப்படுத்தியிருக்கிறது என்பதுதான் எனக்கு முக்கியம்.

பதிவு 5 | புதுவரவு

நான் இங்கே புதிது. மனம் ஒன்றித்தான் வேண்ட வேண்டும் என்பது அவர்களிடம் எவ்வளவு கண்டிப்பு? கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. என்னால் இரண்டு நிமிடம்கூட முடிவதில்லை. கண்ணை மூடினால் மின் கட்டணம் கட்டினேனா என்றுதான் ஓடுகிறது. சின்ன வயதிலிருந்தே இது ஒரு குற்ற உணர்ச்சி.

பதிவு 6 | நூல்முனை

இதற்குச் சொல்லே வைத்திருக்கிறார்கள்: கவ்வானா. ஒரு திசை நோக்கி மனத்தைத் திருப்பி நிறுத்துவது என்று பொருள். சட்டமாகப் பார்த்தால் கண்டிப்புதான். கவ்வானா இல்லாத வேண்டுதல் வேண்டுதலே இல்லை, திரும்பச் செய்ய வேண்டும் என்கிறார் மைமோனிடிஸ். பயணம் முடிந்து களைத்து வந்தவன் மனம் அடங்கும்வரை வேண்டக் கூடாது, மூன்று நாள் போகட்டும் என்றுகூட முன்னோர் சொன்னதாக எழுதுகிறார். மிஷ்னா காலத்துப் பழைய பக்தர்கள் வேண்டத் தொடங்குவதற்கு முன் ஒரு மணி நேரம் சும்மா காத்திருப்பார்களாம், மனத்தை நிறுத்த.

ஆனால் உங்களுக்குப் பிடிக்கப்போவது இது. எருசலேம் தல்மூதில் பெரிய பெரிய அறிஞர்கள் தங்கள் கதையைத் தாங்களே சொல்கிறார்கள். ரப்பி ஹிய்யா: 'என் வாழ்நாளில் மனம் ஒன்றி வேண்டியதே இல்லை. ஒரு தடவை முயன்றேன். அரசன் முன்னால் முதலில் போவது யார், இந்த அதிகாரியா அந்த அதிகாரியா என்ற யோசனை வந்துவிட்டது.' ஷமுவேல்: 'நான் பறவைகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.' இன்னொருவர்: 'நான் சுவரில் செங்கல் வரிசையை எண்ணினேன்.' ரப்பி மத்தன்யா சொன்னதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது: 'என் தலைக்கு நான் நன்றி சொல்கிறேன். நன்றி கூறும் வாழ்த்து வந்ததும் அது தானாகவே குனிந்துவிடுகிறது.'

16ஆம் நூற்றாண்டுக்கு வந்தால், சஃபேத் நகரில் யோசேப் காரோ தொகுத்த சட்ட நூல், எல்லா வாழ்த்திலும் முடியாவிட்டால் முதல் வாழ்த்திலாவது மனம் ஒன்றட்டும் என்கிறது. அதற்குக் குறிப்பு எழுதிய கிராக்கோவின் மோசே இஸ்ஸர்லிஸ், கவ்வானா தவறியதற்காக இந்தக் காலத்தில் நாம் திரும்பச் செய்வதில்லை, திரும்பச் செய்தாலும் மனம் ஒன்றப்போவதில்லையே என்று எழுதி வைத்தார். உங்கள் மின் கட்டணம் அந்தச் செங்கல் வரிசையில் ஒரு கல் என்று வைத்துக்கொள்ளுங்கள். குற்ற உணர்ச்சி வேண்டாம்.

பதிவு 7 | புதுவரவு

இதைப் படித்து எவ்வளவு லேசாக இருக்கிறது என்று சொல்லத் தெரியவில்லை. நன்றி நண்பரே.

பதிவு 8 | கடற்கரைக்காரி

நான் புத்தகம் படித்து வந்தவள் இல்லை. கண்ணால் பார்த்ததை எழுதலாம் என்றுதான் உள்ளே வந்தேன். சொந்த ஊர் கன்னியாகுமரிப் பக்கம். ஐந்து வருடமாக இஸ்ரேலில் ஹைஃபாவில் ஒரு வயதான அம்மாவைப் பார்த்துக்கொள்ளும் வேலை. பாட்டிக்கு எபிரேயத்தில் 'சாவ்தா' என்பார்கள். நானும் அப்படித்தான் கூப்பிடுவேன். ருமேனியாவில் பிறந்தவர். வீட்டில் பேசி வளர்ந்தது இத்திஷ், கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் மொழி.

வெள்ளிக்கிழமை பிற்பகலிலிருந்தே அவர் வேறு ஆளாகிவிடுவார். முகம் கழுவி, வெள்ளைச் சட்டை போட்டு, தலையில் துணி கட்டச் சொல்வார். ஓய்வுநாள் பிறந்துவிட்டால் தீ மூட்டக் கூடாது. அதனால் சூரியன் மறைவதற்கு முன்பே விளக்கு ஏற்றியாக வேண்டும். இரண்டு மெழுகுவர்த்தி போதும் என்றாலும் சாவ்தாவின் தட்டில் ஐந்து இருக்கும். பிள்ளைக்கு ஒன்று என்று கூட்டிக்கொண்டே வந்தாராம். கை நடுங்குவதால் தீக்குச்சியை நான் சேர்த்துப் பிடித்துக்கொள்வேன்.

ஐந்தும் எரிந்ததும், வெளிச்சத்தை அள்ளி முகத்துக்குக் கொண்டுவருவது போல மூன்று தடவை கையை வளைப்பார். பிறகு இரண்டு உள்ளங்கையாலும் கண்ணை மூடிக்கொள்வார். எபிரேயத்தில் வாழ்த்துச் சொல்ல அரை நிமிடம்கூட ஆகாது. அது முடிந்ததும் கையை எடுத்துவிட்டு 'ஷபாத் ஷாலோம்' சொல்ல வேண்டியதுதான். சாவ்தா எடுக்க மாட்டார். கைக்கு உள்ளேயே பேச ஆரம்பிப்பார். அது இத்திஷ். 'தாத்தேன்யூ' என்று கேட்கும். அப்பாவைச் செல்லமாகக் கூப்பிடுவது, ஆனால் கடவுளைத்தான் கூப்பிடுகிறார். அப்புறம் பெயர்கள் வரும். மகன், மருமகள், பேரன், பேரனுடைய சிநேகிதி, கீழ்வீட்டுக்காரரின் முழங்கால். முதல் வருடம் எனக்கு ஒன்றும் புரியவில்லை. அடுத்த வருடம் ஒரு வெள்ளிக்கிழமை அந்தப் பெயர் வரிசையில் என் மகள் பெயர் வந்தது. ஊரில் அம்மாவிடம் விட்டுவிட்டு வந்த பிள்ளை. நான் தீப்பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன்.

சில நாள் பத்து நிமிடம் ஆகும். விரல் இடுக்கில் ஈரம் தெரியும். கையை எடுத்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, 'சூப் சூடாகத்தானே இருக்கிறது?' என்று கேட்பார்.

பதிவு 9 | திண்ணை

அக்கா, உங்கள் சாவ்தா செய்வது தனி மனுஷி வழக்கம் மட்டும் இல்லை. அதற்குப் பின்னால் முந்நூறு, நானூறு வருடம் இருக்கிறது. எபிரேயம் படிக்காத பெண்களுக்காக இத்திஷ் மொழியில் 'த்கினே' என்ற வேண்டுதல்கள் புழங்கின. மன்றாட்டு என்று அர்த்தம். அவற்றின் தொகுப்பு 1648இல் ஆம்ஸ்டர்டாமில் அச்சாகியிருக்கிறது. மாவு பிசையும்போது, பிள்ளை பள்ளிக்குப் போகும்போது, பிரசவத்துக்கு முன்னால் என்று வீட்டு வாழ்க்கையின் ஒவ்வொரு நேரத்துக்கும் சொல்ல வார்த்தை உண்டு. 18ஆம் நூற்றாண்டில் பொதோலியாவைச் சேர்ந்த சாரா பாஸ் தோவீம் என்ற பெண்ணே எழுதியவை ரொம்பப் பிரபலம்.

அவர் எழுதியதில் திரி போடும் வேண்டுதல் ஒன்று இருக்கிறது. பாவமன்னிப்புக்கான உபவாச நாளான யோம் கிப்பூர் நெருங்கும்போது பெண்கள் நூல்கண்டோடு கல்லறைத் தோட்டத்துக்குப் போய், கல்லறைகளைச் சுற்றி நூலால் அளப்பார்கள். அந்த நூலைக் கொண்டுவந்து மெழுகுவர்த்திக்குத் திரி முறுக்குவார்கள். ஒவ்வோர் இழையாக வைக்கும்போது ஒருவர் பெயர்: இது ஆபிரகாமுக்கு, இது சாராவுக்கு, இது ரெபெக்காவுக்கு, அப்படியே சொந்தத் தாய் தந்தை வரைக்கும். நீங்கள் எங்களுக்காக எழுந்து மன்றாடுங்கள் என்று கேட்பார்கள். நூலைத் தொட்டுக்கொண்டே பெயர் சொல்லும்போது மனம் எங்கே ஓடும்? கவ்வானாவுக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

பதிவு 10 | இரவுப்பணி

எல்லாம் படித்தேன். நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எனக்குக் கேட்காமல் இருக்க முடியவில்லை.

போன ஆவணியில் அம்மா போய்விட்டார்கள். 23 நாள் தீவிர சிகிச்சையில் இருந்தார்கள். நான் வேண்டாத வேண்டுதல் இல்லை. தரையில் படுத்து அழுதேன். சாப்பாட்டை விட்டேன். சத்தமே இல்லாமல் வேண்டினேன், உங்கள் அன்னாளைப் போலத்தான். அடக்கம் முடிந்து மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்த ஒரு பெரியவர், 'விசுவாசத்தோடு கேட்டிருந்தால் கிடைத்திருக்கும்' என்று என் முகத்துக்கு நேராகச் சொன்னார். அதிலிருந்து நான் வேண்டுவதை விட்டுவிட்டேன். அன்னாளுக்குப் பிள்ளை பிறந்தது. பிறக்காமல் போயிருந்தால் அவளைப் பற்றி யார் எழுதியிருப்பார்கள்? மனமுருகி வேண்டினால் கிடைக்கும் என்றால், கிடைக்காதவர்களுக்கு மனம் உருகவில்லை என்றுதானே ஆகிறது?

பதிவு 11 | கடற்கரைக்காரி

தம்பி, அந்தப் பெரியவர் சொன்னதை மனத்தில் வைக்காதீர்கள். 23 நாள் அம்மா பக்கத்தில் இருந்தீர்களே.

பதிவு 12 | மலையோரம்

நண்பரே, உங்கள் கேள்வியைப் படித்துவிட்டு நேற்று ஒன்றும் எழுதவில்லை. அவசரமாகப் பதில் சொல்லக் கூடிய விஷயம் இல்லை இது.

மனமுருகினால் கிடைக்கும் என்ற கணக்கை யூத மரபு ஒப்புக்கொள்வதாக எனக்குத் தோன்றவில்லை. மோசேயைவிட நெருக்கமாகக் கடவுளிடம் பேசியவர் அவர்களுக்கு யாரும் இல்லை. அக்கா மிரியாமுக்குத் தொழுநோய் கண்டபோது அவர் வேண்டியது எபிரேயத்தில் ஐந்தே சொல்: தேவனே, தயவுசெய்து, இவளைக் குணமாக்கு. கேட்கப்பட்டது. அதே மோசே, வாக்களித்த நாட்டுக்குள் நானும் போக வேண்டும் என்று கெஞ்சினார். 515 தடவை வேண்டினார் என்கிறது ஒரு பழைய விளக்கம். 'போதும், இனி இந்தக் காரியத்தைக்குறித்து என்னோடே பேசவேண்டாம்' என்று பதில் வந்தது. மலைமேல் நின்று தூரத்திலிருந்து பார்த்துவிட்டு இறந்தார். மோசேக்கு விசுவாசம் குறைவு, அதனால்தான் கிடைக்கவில்லை என்று உங்கள் வீட்டுக்கு வந்த பெரியவர் சொல்வாரா? தாவீது, பிறந்த குழந்தைக்காக ஏழு நாள் தரையில் கிடந்து உபவாசம் இருந்தார். ஏழாம் நாள் குழந்தை இறந்தது.

தல்மூதிலேயே ஓர் எச்சரிக்கை உண்டு. நீண்ட நேரம் வேண்டிவிட்டு, 'இவ்வளவு வேண்டியிருக்கிறேன், கிடைத்தே தீரும்' என்று எதிர்பார்ப்பவன் கடைசியில் மனவேதனையோடுதான் நிற்பான் என்கிறது. எதிர்பார்ப்பைக் கூலியாக மாற்றாதே என்று எடுத்துக்கொள்கிறேன். அதே இடத்தில்தான் ரப்பி எலாசார், 'ஆலயம் இடிந்த நாளிலிருந்து வேண்டுதலின் வாசல்கள் அடைபட்டன, கண்ணீரின் வாசல்கள் மட்டும் அடைபடவில்லை' என்கிறார். வேண்டுதல் சில நேரம் அடைத்த கதவில் மோதும் என்பதை அவர் மறைக்கவில்லை. கண்ணீர் வீணாகாது என்கிறார். கேட்டது கிடைக்கும் என்று அவர் சொல்லவில்லை.

அன்னாள் விஷயத்தில் ஒன்று கவனித்திருக்கிறீர்களா? வேண்டி முடித்ததும் அவள் போய்ச் சாப்பிட்டாள், அப்புறம் அவள் முகம் வாடியிருக்கவில்லை என்று இருக்கிறது. அப்போது பிள்ளை இல்லை. கருவும் இல்லை. ஏலி கூட அவளைத் தவறாக நினைத்ததற்கு ஈடாக வாழ்த்தித்தான் அனுப்புகிறார். ஒருவரைத் தவறாகச் சந்தேகப்பட்டவன் அவரைச் சமாதானப்படுத்தி வாழ்த்த வேண்டும் என்று அதிலிருந்தும் ஒரு சட்டம் எடுத்திருக்கிறார்கள். உங்களிடம் அப்படிப் பேசிய பெரியவர் உங்களுக்கு அந்தக் கடன் பாக்கி வைத்திருக்கிறார்.

பதிவு 13 | நூல்முனை

இதைச் சொல்லலாமா என்று தயங்கினேன். சொல்லிவிடுகிறேன்.

மிஷ்னாவைத் தொகுத்த ரப்பி யூதா, ஏறக்குறைய கி.பி. 200இல் வாழ்ந்தவர். எல்லோரும் அவரை வெறுமனே 'ரப்பி' என்பார்கள். அவருடைய கடைசி நாளைப் பற்றித் தல்மூதில் இருக்கிறது. சீடர்கள் உபவாசம் அறிவித்து, அவர் உயிருக்காக விடாமல் வேண்டிக்கொண்டிருந்தார்கள். அவர் வீட்டில் ஒரு பணிப்பெண் இருந்தாள். பெயர் இல்லை, 'ரப்பி வீட்டுப் பணிப்பெண்' அவ்வளவுதான். அவள் மாடிக்கு ஏறிப்போய், 'மேலே வானத்தில் இருப்பவர்களும் ரப்பியைக் கேட்கிறார்கள், கீழே பூமியில் இருப்பவர்களும் கேட்கிறார்கள், கீழே இருப்பவர்கள் வெல்லட்டும்' என்று வேண்டினாள்.

ரப்பிக்கு வயிற்று நோய். ஒவ்வொரு தடவை கழிப்பிடம் போகும்போதும், நெற்றியிலும் கையிலும் கட்டியிருந்த வேத வாசகப் பெட்டிகளைக் கழற்ற வேண்டும், வந்து மறுபடி கட்ட வேண்டும். எத்தனை தடவை அப்படி வேதனையோடு கழற்றிக் கழற்றிக் கட்டினார் என்று பார்த்தவள் அவள். உடனே வேண்டுதலை மாற்றினாள்: 'மேலே இருப்பவர்கள் வெல்லட்டும்.' ஆனால் சீடர்கள் நிறுத்தவில்லை. அவர்கள் வேண்டுகிறவரை உயிர் பிரியவில்லை. அவள் ஒரு ஜாடியை எடுத்து மாடியிலிருந்து கீழே போட்டாள். சத்தம் கேட்டுச் சீடர்கள் ஒரு கணம் பேச்சை நிறுத்தினார்கள். அந்தக் கணத்தில் ரப்பி போய்விட்டார்.

தல்மூது அவளைக் கண்டிக்கவில்லை. 14ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினில் வாழ்ந்த கெரோனாவின் ரப்பி நிசீம், ஒரு நோயாளி மிகவும் அவதிப்பட்டு, பிழைக்க வழியில்லை என்றால் அவர் விடுதலைக்காக வேண்ட வேண்டிய நேரமும் உண்டு என்பதற்கு இந்தப் பணிப்பெண்ணைத்தான் ஆதாரம் காட்டுகிறார். கூடத்தில் இருந்த அறிஞர்கள் ரப்பியை இழக்க முடியாமல் வேண்டினார்கள். அவள் அவரையே பார்த்துக்கொண்டு வேண்டினாள்.

பதிவு 14 | இரவுப்பணி

இதை யாரிடமும் சொன்னதில்லை. 22ஆம் நாள் இரவு அம்மா கையைக் கட்டியிருந்தார்கள், குழாயைப் பிடுங்கிவிடுவார்கள் என்று. மணிக்கட்டில் துணி உரசிச் சிவந்திருந்தது. என்னைப் பார்த்தார்கள். நான் வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்து, 'போதும், கூட்டிக்கொண்டு போ' என்று சொன்னேன். மறுநாள் மதியம் போய்விட்டார்கள்.

அந்தப் பெரியவர் விசுவாசம் பற்றிப் பேசியபோது எனக்கு இதுதான் குத்தியது. நான்தான் கைவிட்டேன் என்று நினைத்துக்கொண்டே இத்தனை மாதம் இருந்தேன். அந்த ஜாடிக் கதையை மூன்று தடவை படித்துவிட்டேன்.

பதிவு 15 | திண்ணை

படிக்கட்டில் உட்கார்ந்து நீங்கள் சொன்னதுதான் நண்பரே அந்த 23 நாளில் மிகக் கடினமான வேண்டுதலாக இருந்திருக்கும். நீங்கள் கைவிடவில்லை.

பதிவு 16 | கடற்கரைக்காரி

தம்பி, அப்பா இருக்கிறார்களா? எப்படி இருக்கிறார்கள்?

பதிவு 17 | இரவுப்பணி

இருக்கிறார் அக்கா. தூக்கம் இல்லை. இரவில் எழுந்து அம்மா கட்டிலில் உட்கார்ந்துகொள்கிறார். சர்க்கரை வேறு ஏறிக்கிடக்கிறது. பேச்சு குறைந்துவிட்டது.

பதிவு 18 | கடற்கரைக்காரி

உங்களைப் பற்றிச் சாவ்தாவிடம் சொன்னேன், தப்பாக நினைக்காதீர்கள். ஜாடிக் கதை அவருக்குத் தெரிந்திருந்தது. கேட்டுவிட்டு வெகு நேரம் சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு உங்கள் அப்பா பெயரைக் கேட்டார், அப்பாவுடைய அம்மா பெயரையும். இங்கே நோயாளிக்காக வேண்டும்போது 'இன்ன தாயின் மகன் இன்னார்' என்றுதான் சொல்வார்கள். அப்பன் பெயர் கேட்பதில்லை. பொதுவில் போட வேண்டாம், தனிமடலில் அனுப்புங்கள்.

பதிவு 19 | இரவுப்பணி

அனுப்பிவிட்டேன் அக்கா. அதில் ஒன்று நடந்தது, அதையும் எழுதிவிடுகிறேன். அப்பாவுடைய அம்மா எனக்கு விவரம் தெரியும் முன்பே இறந்துவிட்டார்கள். வீட்டில் 'ஆத்தா' என்றுதான் பேச்சு. பெயர் எனக்குத் தெரியவே இல்லை. அப்பாவிடம் போய்க் கேட்டேன். எதற்கு என்று கேட்டார். சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு பெயரைச் சொன்னார். அதோடு, ஆத்தா கிணற்றடியில் இவரை உட்கார வைத்துத் தலைக்கு ஊற்றியது, சீயக்காய் கண்ணில் பட்டு இவர் கத்தியது, பொங்கலுக்கு வாங்கிய சட்டை என்று முக்கால் மணி நேரம் பேசினார். அம்மா போன பிறகு அவர் இவ்வளவு பேசி நான் கேட்கவில்லை.

பதிவு 20 | கடற்கரைக்காரி

நேற்று வெள்ளிக்கிழமை. பெயரை ஒரு தாளில் எபிரேய எழுத்தில் எழுதி மெழுகுவர்த்தித் தட்டுக்குப் பக்கத்தில் வைத்திருந்தேன். உங்கள் ஆத்தா பெயரில் ஒரு 'ழ' இருக்கிறதே, அதற்கு எபிரேயத்தில் எழுத்து இல்லை. சாயங்காலம் முழுக்க என்னைச் சொல்லச் சொல்லிக் கேட்டு, கூடவே சொல்லிப் பார்த்தார். ஒரு தடவை 'ல' வந்தது, ஒரு தடவை 'ர' வந்தது. நாக்கை எங்கே வைக்க வேண்டும் என்று என் வாயையே பார்த்தார். கடைசிவரை 'ழ' வரவில்லை. நேரம் ஆகிவிட்டது என்று தீக்குச்சியைக் கிழித்தோம். கையால் கண்ணை மூடிக்கொண்டு வாழ்த்தை முடித்தார். பிள்ளைகள் பெயர், பேரன் பெயர், என் மகள் பெயர் எல்லாம் வந்தது. அப்புறம் நிறுத்தி, மூச்சு வாங்கிக்கொண்டு, ஒவ்வோர் எழுத்தாக உங்கள் ஆத்தா பெயரைச் சொன்னார்.